ஒன்பது இருக்கைகளும் ஒரு கையெழுத்தும்

எஸ்கார்ட் நர்ஸ் வேலைக்கு எங்களைத் தயார்செய்த வகுப்பில் முதலில் காட்டிய படம் ஒரு பலூன். 1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது காயம்பட்ட 160 பேரைப் பலூனில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்களாம். நோயாளியை வான்வழியே மாற்றும் தொழில் அங்கேதான் பிறந்தது என்று பாடம் நடத்தியவர் சொன்னார். எனக்கு அப்போதே நம்பிக்கை வரவில்லை. பலூனைத் திருப்ப வழி கிடையாது, காற்று இழுக்கிற பக்கம் போகும். பாரிஸிலிருந்து கிளம்பிய பலூன்களில் ஒன்று நார்வேயில் போய் இறங்கியது. சில கடலில் விழுந்தன, சில எதிரியின் கையிலேயே சிக்கின. தொடையெலும்பு முறிந்தவனை அதில் கிடத்தி அனுப்ப எந்த நர்ஸ் சம்மதிப்பாள்?

பிற்பாடு ஆய்வாளர்கள் பயண விவரங்களைத் தேடிப் பார்த்துவிட்டார்கள். முற்றுகைக் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் பறந்தன. தபால் மூட்டைகள் போயின, தூதுப் புறாக்கள் போயின, உள்துறை அமைச்சர் லெயோன் காம்பெத்தா போனார். காயம்பட்டவன் ஒருவன்கூடப் போகவில்லை. ஆனாலும் அந்தக் கதை இன்னும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கதையை அடித்துவிட்டு உண்மையை வைத்தால், எங்கள் தொழிலின் தொடக்கத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது: முக்கியமானவர் போனார், நோயாளி தங்கிவிட்டார்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. வளைகுடாவில் ஐசியு நர்ஸாக வேலை பார்த்தேன். பிறகு நோயாளிகளை நாடு விட்டு நாடு கொண்டுசேர்க்கும் ஒரு நிறுவனத்தில் எஸ்கார்ட்டாகப் போனேன். இந்தத் தொழிலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் விமானத்தின் சரித்திரத்தை எழுதிவிடுகிறார்கள். இன்ன வருடம் இன்ன எஞ்சின், இன்ன வருடம் ஜெட், இன்ன வருடம் வென்டிலேட்டர். என் அனுபவத்தில் விமானம் எப்போதும் தயாராகவே நின்றிருக்கிறது. யார் பணம் கட்டுவது, யார் கையெழுத்துப் போடுவது என்பதில்தான் நோயாளி காத்துக் கிடந்திருக்கிறார்.

முதல் ஆம்புலன்ஸ் விமானத்தைக் கவிழ்த்ததே கணக்குப் புத்தகம்தான். பிரான்ஸில் மரி மார்வேன் என்றொரு பெண். 1875இல் பிறந்தவர். மலையேறுவார், சைக்கிள் பந்தயம் ஓட்டுவார், 1910இல் விமானி உரிமமும் வாங்கினார். நர்ஸ் வேலையும் தெரியும். போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிவர ஒரு விமானம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டி, 1912இல் தெபெர்துஸான் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்தார். வரைபடமெல்லாம் தயார். அடுத்த வருடம் அந்த நிறுவன முதலாளி பண மோசடியில் கைதாகி, நிறுவனம் திவாலானது. விமானம் வரவே இல்லை. அந்த அம்மாள் அசரவில்லை. மேலும் இருபது வருடம் பேசிக்கொண்டே இருந்து, 1934இல் மொராக்கோவில் பொதுமக்களுக்கான வான் ஆம்புலன்ஸ் சேவை ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தார். பயிற்சி வகுப்பில் பலூனுக்குப் பதில் இவர் படத்தைக் காட்டியிருக்கலாம்.

உண்மையில் நோயாளி எல்லை தாண்டிப் பறந்தது 1915 நவம்பரில், செர்பியாவில். மூன்று பக்கமும் எதிரிப்படை நெருக்க, செர்பிய ராணுவமும் மக்களும் அல்பேனிய மலைகளைக் கால்நடையாகக் கடந்து அட்ரியாடிக் கடற்கரைக்கு ஓடினார்கள். பனியிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு பிரெஞ்சு விமானப்படைப் பிரிவு இருந்தது. அதன் விமானிகள் காயம்பட்ட ஏறக்குறைய ஒரு டஜன் பேரைத் தங்கள் மரச்சட்ட விமானங்களில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மிலான் ஷ்டெஃபானிக் என்ற ஸ்லோவாக்கியரும் அப்படித்தான் தப்பினார். வானியலாளர், பிரெஞ்சுப் படையில் விமானி. கடுமையான வயிற்று நோயில் விழுந்திருந்த அவரை லூயி போலான் பிரிஸ்ரெனிலிருந்து மலைகளுக்கு மேலே பறந்து, கடற்கரை ஊரான வ்லோராவில் சேர்த்தார். லண்டன்–மான்செஸ்டர் பந்தயத்தில் வென்று உலகப் புகழ் பெற்றிருந்த அதே போலான். ஷ்டெஃபானிக் பிழைத்துப் பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியா உருவாகப் பாடுபட்டவர்களில் ஒருவரானார். 1919இல் விமான விபத்திலேயே இறந்தார். கீழே நடந்துகொண்டிருந்த கூட்டத்தில் அவரைவிட மோசமான நிலையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இருக்கை அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மொராக்கோவிலும் சிரியாவிலும் தங்கள் காலனிப் போர்களில் பிரெகே 14 விமானத்தில் இரண்டு ஸ்ட்ரெச்சர் வைத்து ஆட்களைத் தூக்கினார்கள். அதில் எல்லைச் சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் அவர்கள் கொடிதான்.

எல்லை என்ற கேள்வியைச் சட்டம் தொட்டது 1929இல். அந்த வருட ஜெனீவா உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு மருத்துவ விமானத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. வெள்ளைச் சாயம் அடித்திருக்க வேண்டும், மேலும் கீழும் செஞ்சிலுவை தெரிய வேண்டும். அதே பிரிவு, தனி அனுமதி இல்லாமல் போர்முனைக்கு மேலும் எதிரி நிலத்துக்கு மேலும் பறக்கக் கூடாது என்றது. இறங்கு என்று சொன்னால் இறங்க வேண்டும் என்றும் சொன்னது. 1944இல் சிகாகோவில் கூடிய நாடுகள் எழுதிய சிவில் விமான உடன்படிக்கையின் முதல் பிரிவே, தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே முழு உரிமை என்பதுதான். இந்த வரியின் கனத்தை நான் நன்றாக அறிவேன். வளைகுடாவில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவர் மண்டையில் அடிபட்டு விழுந்தால், வெள்ளி, சனி அங்கே பெரும்பாலான நாடுகளில் அலுவலகங்களுக்கு விடுமுறை. சனி, ஞாயிறு இங்கே விடுமுறை. ஜெட் ஷார்ஜாவில் எரிபொருள் நிரப்பி நிற்கும். இறங்கும் அனுமதி திங்கள்கிழமை வரும்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் நம் பக்கத்திலிருந்து கிளம்பியது. 1943 ஜனவரி 17, கராச்சி. அப்போது அது பிரிட்டிஷ் இந்தியா. அமெரிக்க ராணுவ நர்ஸ் எல்ஸி ஆட், வயது 29. ஐந்து நோயாளிகளை வாஷிங்டன் கொண்டுபோய்ச் சேர் என்று ஒரு நாள் அவகாசத்தில் உத்தரவு. அதுவரை அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. நோயாளிகளில் இருவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. ஒருவருக்குக் காசநோய், ஒருவருக்குக் கண் அழுத்த நோய், ஒருவருக்கு மனநோய். கூட டாக்டர் கிடையாது, உதவிக்கு ஒரு வார்டு ஆள் மட்டும். போர்வை, விரிப்பு, தலையணை, கொஞ்சம் மருந்து. அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று ஆறரை நாளில் போய்ச் சேர்ந்தார்கள். கப்பலிலும் தரைவழியிலும் போயிருந்தால் மூன்று மாதம் பிடித்திருக்கும்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத இருவரை ஆறரை நாள் ராணுவ விமானத்தில் கொண்டுபோவது என்றால் என்ன என்பதை நர்ஸ் ஒருத்திதான் முழுக்க உணர முடியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண். சிறுநீர், மலம், வாந்தி, எல்லாவற்றுக்கும் ஒரே நர்ஸ். அந்த அம்மாள் திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில் வீரப் பேச்சு எதுவும் இல்லை. ஆக்ஸிஜன் வேண்டும், காயம் கட்டும் சாமான் கூடுதலாக வேண்டும், காப்பி வேண்டும், போர்வை வேண்டும், இந்த வேலைக்குப் பாவாடை ஆகாது, கால்சட்டை வேண்டும். அவ்வளவுதான். கண்டம் விட்டுக் கண்டம் போன முதல் வான்வழி நோயாளிப் பயணம் என்று அமெரிக்க விமானப்படை இதைக் குறித்து வைத்திருக்கிறது. ராணுவத்தின் ‘ஏர் மெடல்’ பெற்ற முதல் பெண்ணும் அவரே. பதக்கத்தைவிட அந்த அறிக்கைதான் எனக்குப் பெரிது. சேலையில் வளர்ந்து, பேன்ட் போட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கியவள் நான்.

அந்த ஐவருக்கும் பணம் யார் கட்டினார்கள் என்ற கேள்வி எழவில்லை. சீருடை போட்டவனின் உடம்புக்கு அரசாங்கம் பொறுப்பு. போர் முடிந்து, சாதாரண ஜனங்கள் உல்லாசப் பயணம் போகத் தொடங்கியபோதுதான் கேள்வி வந்தது. ஸ்பெயினுக்குக் காரில் விடுமுறைக்குப் போன பிரெஞ்சுக் குடும்பம் வளைவில் கவிழ்ந்தால் யார் வருவார்கள்? 1963இல் பாரிஸில் பியேர் தெனோ என்பவர் யூரோப் அசிஸ்டான்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்பெயினில் விபத்தில் சிக்கிய நண்பர்கள் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். ஒரு சிறு சந்தா, எந்த நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், மறுமுனையில் ஒரு டாக்டர். அந்த டாக்டர் அங்குள்ள டாக்டரிடம் பேசி, நகர்த்தலாமா கூடாதா என்று முடிவு செய்வார். ஆஸ்பத்திரிக்குப் பணப் பொறுப்புக் கடிதம் போகும். எங்கள் வாயில் அது ‘ஜிஓபி’. ஜிஓபி வந்துவிட்டதா என்பதுதான் எங்கள் அலுவலகத்தில் காலை வணக்கத்துக்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி. நாட்டு எல்லையை நோயாளிக்குத் திறந்துவிட்டது அந்தக் காகிதம் என்பேன். அதே 1963 டிசம்பரில் மரி மார்வேன் காலமானார். கையில் பெரிதாகப் பணம் இல்லாமல்தான் இறந்தார்.

சுவிட்சர்லாந்தின் ரேகா வேறு பாதையில் போனது. 1952இல் பனிமலையில் சிக்கியவர்களை மீட்கத் தொடங்கிய அமைப்பு அது. அரசாங்கப் பணம் வரவில்லை, கடன் ஏறியது. 1966இல் அதன் தலைவர் ஃப்ரிட்ஸ் பூலர் மக்களிடமே கையேந்தினார்: ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள், உங்களுக்கு ஆபத்து வந்தால் கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இருபத்தையாயிரம் பேர் சேர்ந்தார்கள். இன்று அந்தச் சின்ன நாட்டில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரேகா சந்தாதாரர்கள். ஜூரிக்கில் நிற்கும் மூன்று சாலஞ்சர் 650 ஜெட்டுகள் அந்தச் சந்தாவில் பறக்கின்றன. நம் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம்.

ஆசியாவுக்கு இது வந்தது எண்ணெய்க் கம்பெனிகளின் வெள்ளைக்கார ஊழியர்களுக்காக. 1985இல் பள்ளிக்கால நண்பர்களான இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய இன்டர்நேஷனல் எஸ்ஓஎஸ். இந்தோனேசியாவின் மூலையில் வேலை பார்க்கும் பொறியாளருக்குக் குடல்வால் வெடித்தால் சில மணி நேரத்தில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரி மேசையில் இருப்பார். அதே எண்ணெய்க் கிணற்றில் குழாய் தூக்கும் உள்ளூர்க்காரனுக்கு வெடித்தால் கதை வேறு.

காகிதம் அளவுக்கு மீறி இனித்தாலும் கோளாறு. நேபாளத்தில் மலையேறப் போகும் வெளிநாட்டவர்கள் ஹெலிகாப்டர் மீட்புக்கு இன்ஷூரன்ஸ் வாங்கித்தான் போவார்கள். லேசாகத் தலைவலித்தவரையும் ‘ஏறுங்கள், செலவு இன்ஷூரன்ஸுக்கு’ என்று இறக்கிவந்து, ஒரே பறப்புக்கு நாலு பேரிடம் தனித்தனி பில் போட்ட கூத்து வெளியே வந்து, 2018இல் அந்த அரசாங்கம் விசாரணை வைத்தது. இனி காப்பீடே தரமாட்டோம் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் மிரட்டும் அளவுக்குப் போனது. நோயில்லாதவர் பறந்த கதை அது.

நம் ஆட்கள் பெரும்பாலும் ஜெட்டில் வருவதில்லை. சாதாரணப் பயணிகள் விமானத்தின் வால் பக்கத்தில் ‘ஸ்ட்ரெச்சர் கேஸ்’ ஆக வருவார்கள். கடைசி வரிசைகளின் இருக்கை முதுகுகளை முன்பக்கமாக மடக்கி, அதற்கு மேலே ஸ்ட்ரெச்சரைப் பூட்டி, சுற்றித் திரை கட்டுவார்கள். விமானத்தைப் பொறுத்து ஆறு இருக்கை, ஒன்பது இருக்கை போய்விடும். அத்தனைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். எனக்கு ஒன்று, சிலநேரம் டாக்டருக்கு ஒன்று. பயணிகள் ஏறுமுன் ஆம்புலிஃப்ட் என்ற தூக்கு வண்டியில் தூக்கிப் பின்கதவு வழியாக ஏற்றுவோம். சொந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுபோக விடமாட்டார்கள், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மெடிஃப் என்றொரு படிவம். சிகிச்சை பார்க்கும் டாக்டர் நிரப்ப வேண்டும், விமான நிறுவனத்து டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டு, தாமதத்துக்கென்று அதில் பாதியைக் கூட்டிக் கேட்பது என் வழக்கம். ஓடுபாதையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தாலும் மூச்சு ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

மேலே போனதும் உடம்பு மாறும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும். நம் கொடைக்கானல் ஏழாயிரம் அடி. நல்ல உடம்புக்காரருக்கு அது ஒன்றும் இல்லை. நுரையீரல் கெட்டவருக்கு ஆக்ஸிஜன் அளவு சரசரவென்று இறங்கும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருந்தால், மண்டைக்குள் காற்று புகுந்திருந்தால், வயிற்று ஆபரேஷன் புதிதாக நடந்திருந்தால், ஏற்றுவதே ஆபத்து. மூச்சுக்குழாயில் வைக்கும் ட்யூபைப் பிடித்திருக்கிற சின்ன பலூனில்கூட காற்றை எடுத்துவிட்டு உப்புநீர் நிரப்புவோம், இல்லாவிட்டால் அது உப்பிக் குழாயை நெரிக்கும். புதிய மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டி விடுவோம், உள்ளே வீக்கம் ஏறுமென்று. தனி ஏர் ஆம்புலன்ஸாக இருந்தால் தாழ்வாகப் பறந்து உள்ளழுத்தத்தைத் தரைமட்டத்திலேயே வைத்திருக்கச் சொல்லலாம். எரிபொருள் கூடும், பில்லும் கூடும். பயணிகள் விமானத்தில் அப்படிக் கேட்க முடியாது.

திரைக்குள் நிற்க இடம் கிடையாது. ஸ்ட்ரெச்சர் மார்பு உயரத்தில் இருக்கும், அதற்கு மேலே பெட்டி வைக்கும் அடுக்கு. டிரிப்பை அந்த அடுக்கின் கைப்பிடியில் மாட்டுவேன். டயப்பர் மாற்றும்போது வாசனை வெளியே போகும், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். நோயாளி ஆணாக இருந்தால் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார். ‘சிஸ்டர், ஊர் வந்துட்டா?’ என்று அரபிக்கடலின் நடுவில் கேட்பார்கள். வந்துவிட்டது என்றே சொல்லுவேன்.

பணத்துக்கு வருகிறேன். எமிக்ரேஷன் க்ளியரன்ஸ் தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசு 2003இல் ஒரு கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 2017இல் மாற்றியமைத்தபோது இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் என்றிருந்தது. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பத்து இலட்சம். இந்த விலைக்கு நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஒரு வரியில் மட்டும் எனக்கு வழக்கு உண்டு. உடம்பு முடியாமல் வேலையை விட்டுத் திரும்பினால் கிடைப்பது ஒரு வழி எகானமி டிக்கெட், அதுவும் போன முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால். எழுதியவர் மனதில் உட்கார்ந்து வரும் நோயாளிதான் இருந்திருக்கிறார். படுத்து வருகிறவனுக்கு ஒன்பது எகானமி டிக்கெட் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். இறந்தவர் உடலைக் கொண்டுவரும் செலவுக்கு அதே பாலிசியில் தெளிவாக இடம் இருக்கிறது. 2009இல் தூதரகங்களில் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி இருக்கிறதே, அதுதான் பலருக்குக் கை கொடுத்தது. ஆனால் அது உரிமை கிடையாது. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

ராமநாதபுரம் பக்கத்து மேஸ்திரி ஒருவரைக் கொண்டுவந்தேன். சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பில் அடி, கைகால் அசையாது. வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, அதனால் அந்த ஒரு டிக்கெட்டும் இல்லை. காகித வேலையெல்லாம் அதே தொழிலாளர் கேம்பில் இருந்த அவருடைய மச்சான்தான் பார்த்தார். தூதரகம், கம்பெனி, விமான நிறுவனம், ஆஸ்பத்திரி பில் கவுண்டர் என்று வெயிலில் அலைந்து கறுத்துப் போயிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார்:

“பொணமாப் போனா கம்பெனியே பெட்டி வாங்கி டிக்கெட்டும் போட்டு அனுப்பும் சிஸ்டர். நானே ரெண்டு பேர ஏத்தி விட்டிருக்கேன், நாலு நாளுல முடிஞ்சிருச்சு. உசுரோட கொண்டுபோறதுக்குத்தான் ரெண்டு மாசமா அலையுறேன்.”

கடைசியில் தூதரக நிதி ஒரு பங்கு கொடுத்தது, கம்பெனி பேரம் பேசி ஒரு பங்கு கொடுத்தது, மீதியைக் கேம்பில் அறை அறையாக வசூலித்தார்கள். வங்காளதேசத்துக்காரர்களும் பாகிஸ்தான்காரர்களும் போட்டார்கள். சென்னையில் இறக்கினோம். அங்கிருந்து மதுரை அரசு ஆஸ்பத்திரி வரை ஆம்புலன்ஸில் நானூற்றைம்பது கிலோமீட்டர். அந்த வண்டி வாடகைக்கு எந்த பாலிசியிலும் இடமில்லை. மேல்மருவத்தூரில் டீசல் போட நிறுத்தியபோது டிரைவர் பாதிப் பணம் கேட்டார், கூடவே வந்த மச்சான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.